மருதாணிச் சாயத்தில் பாட்டில் சட்டை! தெரியுமா உங்களுக்கு?

தண்ணீர் குடித்துவிட்டுத் தூக்கி எறிந்த பிளாஸ்டிக் பாட்டில் சட்டையாகத் திரும்பி வருகிறது. இது பழைய செய்தி! அந்தச் சட்டைக்கு மருதாணி இலையிலிருந்தும் மஞ்சள் கிழங்கிலிருந்தும் நிறம் ஏற்றலாம், ஏறிய அந்த நிறமே வியர்வையில் பெருகும் பாக்டீரியாவையும் அடக்கிவைக்கும் என்பதுதான் புதிய செய்தி! பிளாஸ்டிக்கில் பச்சிலை ஒட்டுமா? ஒட்டும். ஆனால் எல்லாப் பச்சிலையும் ஒட்டாது. எது ஒட்டும், ஏன் ஒட்டும், ஒட்டினால் என்ன நடக்கும்? ஒவ்வொன்றாகப் படியுங்கள், அசந்துபோவீர்கள்!

தண்ணீர் பாட்டிலும் டெரிலின் சட்டையும் ஒரே பொருள், தெரியுமா?

ஆமாம், ஒரே பொருள்தான்! பாலிஎத்திலீன் டெரிப்தாலேட், சுருக்கமாக பெட். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் 1941இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அது நூல் மட்டுமே, இன்று நாம் பாலியஸ்டர் என்று சொல்லும் அதே நூல். பிரிட்டனில் டெரிலின் என்றும் அமெரிக்காவில் டேக்ரான் என்றும் பெயர் வாங்கியது. நம் வீட்டுப் பெரியவர்கள் பெருமையோடு போட்ட டெரிலின், டெரிகாட்டன் சட்டைகள் அந்த வம்சம்தான். பாட்டில் வந்தது அதற்கு முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து! டூபான்ட் பொறியாளர் நத்தானியேல் வையத் 1973இல் பெட் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரூ வையத்தின் அண்ணன் இவர்! ஆகவே பாட்டில் துணியாவது புதிய அவதாரமே இல்லை. துணிதான் அதன் முதல் அவதாரம்!

மூடியையும் பாட்டிலையும் தண்ணீரே பிரித்துவிடும், தெரியுமா?

சேகரித்த பாட்டில்களை நொறுக்கிச் சில்லுகளாக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். பெட் தண்ணீரைவிட அடர்த்தியானது, 1.38. அதனால் மூழ்கிவிடும். மூடிகள் வேறு வகைப் பிளாஸ்டிக், அடர்த்தி ஒன்றுக்கும் கீழே. அதனால் மிதக்கும். மேலே மிதப்பதை வழித்து எடுத்துவிட்டால் வேலை முடிந்தது! பிறகு காஸ்டிக் சோடா கலந்த சுடுநீரில் கழுவினால் லேபிள் பசையும் அழுக்கும் போய்விடும். அடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். உருக்கும்போது ஈரம் இருந்தால் பெட்டின் நீண்ட சங்கிலிகள் அறுபட்டு நூல் பலமிழந்துவிடும். உலர்ந்த சில்லை 270, 280 டிகிரி செல்சியஸில் உருக்கி, மிக நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சினால், வெளியே வருவது நூலிழை!

நாடாளுமன்றத்தில் பளிச்சிட்ட ஜாக்கெட்டின் துணி எந்த ஊர், தெரியுமா?

நம்ம கரூர்! 2023 பிப்ரவரியில் பிரதமர் நரேந்திர மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல ஜாக்கெட், பெட் பாட்டிலை மறுசுழற்சி செய்து நெய்தது. பெங்களூரில் நடந்த எரிசக்தி வார விழாவில் இந்தியன் ஆயில் நிறுவனம் அதைப் பரிசாகக் கொடுத்தது. துணி தயாரித்தது கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ். அந்த மாதிரி ஜாக்கெட் ஒன்றுக்குச் சராசரியாக 15 பாட்டில், முழு யூனிபார்முக்கு 28 பாட்டில் என்று அப்போது சொன்னார்கள். விளையாட்டு உலகம் இதில் இன்னும் முந்திக்கொண்டது! 2010 கால்பந்து உலகக் கோப்பையில் பிரேசில், போர்ச்சுகல், நெதர்லாந்து வீரர்கள் அணிந்த நைக்கி ஜெர்சி ஒன்றுக்கு எட்டு பாட்டில் வரை போயிற்று. 2015 உலகக் கோப்பைக்கு இந்தியக் கிரிக்கெட் அணி அணிந்த உடையில் சராசரியாக 33 பாட்டில்!

கரூர் ஜாக்கெட்டின் நிறத்திலும் ஒரு விசேஷம் உண்டு. அது ‘டோப் டையிங்’. உருகிய பிளாஸ்டிக்கிலேயே நிறமியைக் கலந்து நூல் இழுப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். அப்படியானால் மருதாணியையும் அப்படியே கலந்துவிடலாமே? முடியாது. 280 டிகிரி வெப்பத்தைச் செடியின் நிறமிகளில் பெரும்பாலானவை தாங்கா. செடிக்கு வேறு வழி வேண்டும். அந்த வழியில்தான் ஆச்சரியமெல்லாம் இருக்கிறது!

ஜிம்முக்குப் போட்டுப் போகும் பாலியஸ்டர் டி-ஷர்ட் ஏன் அதிகம் நாறுகிறது, தெரியுமா?

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பேரை ஒரு சைக்கிள் உடற்பயிற்சியில் வியர்க்க வைத்தார்கள். சட்டைகளைக் கழற்றி 28 மணி நேரம் வைத்திருந்து, வாசனை பார்ப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்தார்கள். 2014இல் வெளியான முடிவு: பருத்தியைவிடப் பாலியஸ்டர் சட்டைகளின் நாற்றமே கடுமை! மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா வகை செயற்கை இழைகளில் செழித்து வளர்ந்திருந்தது. பருத்தி, வியர்வையைத் தன் இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும். காற்றிலிருந்து மட்டுமே அது தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் ஏற்பதோ வெறும் 0.4 சதவீதம்! அதனால் வியர்வையின் எண்ணெய்ப் பகுதி இழையின் மேலேயே படிந்து நிற்கிறது. பாக்டீரியாவுக்கு விருந்து!

துணியில் பூசிய வெள்ளி வாஷிங் மெஷினோடு போய்விடும், தெரியுமா?

நாற்றத்தை அடக்க உடை நிறுவனத்தார் வெள்ளி நுண்துகளைப் பூசினார்கள். ட்ரைக்ளோசான் என்ற வேதிப்பொருளையும் சேர்த்தார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெள்ளி பூசிய சாக்ஸ்களைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில சாக்ஸ்களில் நான்கே சலவையில் வெள்ளி அநேகமாக முழுக்க வெளியேறிவிட்டது! அது போய்ச் சேரும் இடம் சாக்கடை, அப்புறம் ஆறு. ட்ரைக்ளோசானையோ அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கைகழுவும் சோப்புகளில் 2016இல் தடை செய்தது. ஆக, நிறமும் தர வேண்டும், கிருமியையும் தடுக்க வேண்டும், ஆற்றுக்கும் கேடு வரக்கூடாது. அப்படி ஒன்று உண்டா? தோட்டத்துக்குப் போய்த் தேடுவோம்!

செடியின் நிறம் பல நேரம் அதன் ஆயுதம், தெரியுமா?

செடியால் ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி, பக்கத்துச் செடி என எல்லோரோடும் அது வேதிப்பொருளால்தான் சண்டை போடுகிறது. அந்த ஆயுதங்களில் ஒரு பெரிய குடும்பம் குயினோன்கள். தேக்கு மரத்தைக் கரையான் அரிக்கத் தயங்குவதற்கு அதிலுள்ள டெக்டோகுயினோன் ஒரு காரணம். கறுப்பு வால்நட் மரத்தடியில் பல செடிகள் கருகிப்போவதற்கு ஜுக்லோன் காரணம். மருதாணி இலையில் இருப்பது லாசோன், அதுவும் இதே குடும்பம்! நுண்ணுயிரின் புரதங்களோடு பிணைந்து அவற்றின் வேலையைக் கெடுக்கிறது, செல்லுக்குள் ஆக்சிஜன் சமநிலையைக் குலைக்கிறது. நம் கையைச் சிவக்க வைப்பதும் அதே குணம்தான்! தோலின் கெராட்டின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் மருதாணி தண்ணீரில் போவதில்லை.

இலையில் லாசோன் அப்படியே தயாராக இருப்பதில்லை, சர்க்கரையோடு பிணைந்து மறைந்திருக்கிறது. அரைத்து, கொஞ்சம் புளிப்புச் சேர்த்து, காத்திருந்தால்தான் விடுபட்டு வெளியே வரும். அம்மியில் புளியும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்த பாட்டிமார்கள் செய்தது அசல் வேதியியல்!

பாலியஸ்டருக்குள் சாயம் நுழைய 130 டிகிரி வேண்டும், தெரியுமா?

பருத்திக்குத் தண்ணீர் பிடிக்கும். அதனால் தண்ணீரில் கரைந்த சாயத்தோடு தானாகவே உள்ளே விடும். பாலியஸ்டருக்குத் தண்ணீர் ஆகாது. அதன் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி இறுகிக் கிடக்கின்றன. சுமார் 75, 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சங்கிலிகள் நெளிய ஆரம்பிக்கும். இன்னும் சூடேற ஏற அங்கங்கே இடைவெளி திறந்து மூடும். அந்த நொடிகளில்தான் சாயம் புகுந்தாக வேண்டும்! 130 டிகிரி என்றால் வேலை சீராக முடியும். ஆனால் தண்ணீர் 100இலேயே கொதித்துவிடுமே? அதனால்தான் அழுத்தம். நம் அடுக்களைக் குக்கர் 120 டிகிரியைத் தொடுவது எப்படியோ, அப்படித்தான் சாயப்பட்டறையின் ஹெச்.டி. மெஷினும் இறுக மூடி 130ஐத் தொடுகிறது. பிறகு குளிர வைத்தால் சங்கிலிகள் மீண்டும் இறுகும். உள்ளே போன சாயம் சிறைப்பட்டுவிடும்!

வேப்பிலையைவிட மருதாணிக்கே இங்கே மவுசு, ஏன் தெரியுமா?

இதுதான் இந்தக் கதையின் உயிர்! அந்த இடைவெளிகள் மிகச் சிறியவை. உள்ளே போக இரண்டு தகுதி வேண்டும்: உருவம் சிறிதாக இருக்க வேண்டும், தண்ணீரைவிட எண்ணெய்த்தன்மையை விரும்ப வேண்டும். இதோ மூலக்கூறு எடைகள், நீங்களே ஒப்பிடுங்கள்!

மருதாணியின் லாசோன்: 174.
வால்நட் தோலின் ஜுக்லோன்: அதுவும் 174!
இம்பூறல் வேரின் அலிசரின்: 240.
அவுரியின் நீலம்: 262.
நுணா வேரின் மொரிண்டோன்: 270.
வெங்காயத் தோலின் குவர்செட்டின்: 302.
மஞ்சளின் குர்குமின்: 368.

இவை எல்லாம் நுழையக்கூடிய அளவு. இனி மறுபக்கம் பாருங்கள். வேம்பின் புகழ்பெற்ற அசாடிராக்டின் 720. கடுக்காயின் செபுலினிக் அமிலம் 956. மாதுளை ஓட்டின் பியூனிகலாஜின் ஆயிரத்தையும் தாண்டி 1,084! இவை வாசலிலேயே நின்றுவிடும். கிருமியைக் கொல்வதில் வேம்பு எவ்வளவு பெயர் பெற்றிருந்தாலும் பாலியஸ்டருக்கு அது சாயம் ஆகாது. செடியின் புகழைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வரும். மூலக்கூறைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் நிறம் ஏறும்!

பருத்திக்கு வேண்டிய படிகாரம் பாலியஸ்டருக்கு வேண்டாம், தெரியுமா?

இயற்கைச் சாயம் என்றாலே பருத்திக்காரர்களுக்குப் படிகாரமும் இரும்புக் கசிவும் நினைவுக்கு வரும். உலோகம் பாலமாக நின்றால்தான் பல சாயங்கள் பருத்தியில் நிற்கும். சில இடங்களில் செம்பு உப்பும் தகர உப்பும்கூடப் போடுவார்கள். மிச்சமெல்லாம் கழிவுநீரில் போகும். பாலியஸ்டரில் லாசோன் மாதிரிச் சாயம் இழைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. பாலமே தேவையில்லை! சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கும் ஒரத்துப்பாளையம் அணைக்கும் நேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதை மறக்க முடியுமா? சாயத் தண்ணீரில் போடும் ஒவ்வொரு உப்பும் சுத்திகரிப்பு நிலையத்தில் செலவாக நிற்கிறது. போடாத உப்புக்குச் செலவே இல்லை!

உலோகம் இல்லாவிட்டால் நிறமும் மாறும் என்பது இன்னொரு ஆச்சரியம். படிகாரம் போட்ட பருத்தியில் செக்கச்செவேலென்று நிற்கும் அலிசரின், பாலியஸ்டரில் தனியாக நுழையும்போது ஆரஞ்சுச் சாயலோடு நிற்கிறது. அதே வேர், அதே சாயம், வேறு நிறம்!

சோழமண்டலக் கரையின் சிவப்பும் இன்றைய பாலியஸ்டர் சிவப்பும் சொந்தக்காரர்கள், தெரியுமா?

சோழமண்டலக் கடற்கரையில் வரைந்த பூத்துணிகளை ஐரோப்பா போட்டி போட்டு வாங்கிய காலத்தில், அந்தச் சிவப்பைத் தந்தது சாயவேர் என்ற இம்பூறல். மணற்பாங்கான நிலத்தில் வளரும் சின்னஞ்சிறு செடி. அதன் வேரில் இருப்பது அலிசரின். ஜெர்மனியின் கிரேபும் லீபர்மனும் 1868இல் அலிசரினைச் செயற்கையாகச் செய்துகாட்டினார்கள். அதோடு வேர் வியாபாரம் படுத்தது. ஆனால் குடும்பம் அழியவில்லை! அலிசரின், ஆந்த்ராகுயினோன் வகை. இன்று உலகம் முழுக்கப் பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயங்களில் ஒரு பெரும் பிரிவும் அதே ஆந்த்ராகுயினோன் வகை. பட்டறைகளில் சாதாரணமாகப் புழங்கும் டிஸ்பர்ஸ் ரெட் 60 அதில் ஒன்று! செயற்கை இழைக்குச் செயற்கைச் சாயம் தேடியவர்கள் போய்ச் சேர்ந்தது, செடி ஏற்கெனவே வரைந்துவைத்த அமைப்பிடம்தான்.

மருதாணிச் சாயம் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா?

வாருங்கள், ‘லேப் டிப்’ என்ற சிறு மாதிரிச் சாயமேற்றம் ஒன்றைப் பார்ப்போம்! ஐந்து கிராம் வெள்ளைத் துணி. நூறு மில்லி சாய பாத். உலர்ந்த மருதாணி இலைத் தூளை ஊறவைத்து வடித்த சாறு அது, கலங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். அதில் சில சொட்டு அசிட்டிக் அமிலம். அமிலம் ஏன்? லாசோன் காரத்தில் மின்னேற்றம் பெற்றுத் தண்ணீரோடு நட்பாகிவிடும், துணிப் பக்கம் வராது. அமிலத்தில் மின்னேற்றம் குறையும், தண்ணீரை விட்டு இழையைத் தேடும். சிறு எஃகுக் குழாயில் துணியையும் பாத்தையும் இட்டு மூடி, சுழலும் இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். நிமிடத்துக்கு இரண்டு டிகிரி கணக்கில் சூடு ஏறுகிறது. எழுபது வரை துணியில் பெரிய மாற்றம் இருக்காது. நூறைத் தாண்டிய பிறகுதான் சாயம் வேகமாக இழைக்குள் இறங்கும். 130இல் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பிறகு அவசரமில்லாமல் ஆற விட வேண்டும், சட்டென்று குளிர வைத்தால் துணியில் மடிப்பு விழுந்து அப்படியே நின்றுவிடும்.

குழாயைத் திறந்தால் துணி செம்பழுப்பு! மேலே ஒட்டியிருக்கும் மிச்சச் சாயத்தை சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும். வழக்கமான டிஸ்பர்ஸ் சாயத்துக்கு காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டு அலசுவார்கள். அது செடிச் சாயத்துக்குச் சரிவராது, உள்ளே போன நிறத்தையும் கெடுத்துவிடலாம். கடைசியில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்கிறார்கள். வெள்ளையில் கறை இறங்காவிட்டால் சாயம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்!

99 சதவீதத்துக்கும் 99.9 சதவீதத்துக்கும் பத்து மடங்கு வித்தியாசம், தெரியுமா?

நிறம் ஏறினால் போதாது, கிருமி அடங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 20743, ஏ.ஏ.டி.சி.சி. 100 என்று தர முறைகள் இருக்கின்றன. சாயம் ஏற்றிய துணியிலும் ஏற்றாத துணியிலும் எண்ணி அளந்த பாக்டீரியாவை விட்டு, உடல் சூட்டில் ஒரு நாள் வரை வைத்து, எத்தனை மிஞ்சின என்று எண்ணுவார்கள். பெரும்பாலும் இரண்டு பாக்டீரியா: தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், குடலில் வாழும் ஈ.கோலை. ஒரு லட்சம் பாக்டீரியா இருந்தால், 99 சதவீதம் குறைந்தபின் மிஞ்சுவது ஆயிரம். 99.9 சதவீதம் குறைந்தால் மிஞ்சுவது நூறே நூறு! லேபிளில் ஒரு தசமம் கூடினால் இத்தனை மாற்றம்.

இன்னொன்று: செடிச் சாயங்கள் பொதுவாக ஸ்டெஃபிலோகாக்கஸை எளிதாக அடக்கும், ஈ.கோலையிடம் கொஞ்சம் திணறும். ஈ.கோலைக்கு வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உண்டு, அதைத் துளைப்பது சிரமம். ஆழத்தில் போன சாயம் நிறத்தைக் காக்கும். மேற்பரப்பை ஒட்டி இருக்கும் சாயம்தான் பாக்டீரியாவைத் தொடும். ஆகவே பத்து சலவை, இருபது சலவைக்குப் பிறகும் அதே சோதனையைச் செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இறால் ஓடு கடுக்காய்க்குக் கதவு திறக்கும், தெரியுமா?

உள்ளே நுழைய முடியாத கடுக்காயையும் மாதுளை ஓட்டையும் கைவிட வேண்டுமா? வேண்டாம்! இழையின் மேற்பரப்பை மாற்றினால் வெளியிலேயே உட்கார வைக்கலாம். காஸ்டிக் சோடாவில் பாலியஸ்டரை லேசாக அரிக்கவிட்டால் மேற்பரப்பில் தண்ணீரை விரும்பும் முனைகள் முளைக்கும். பட்டு மாதிரி மெத்தென்ற பாலியஸ்டர் சேலைகளுக்கு இதைத்தான் செய்கிறார்கள். பிளாஸ்மா என்ற மின்வாயுவைக் காட்டியும் செய்யலாம், தண்ணீரே வேண்டாம். நொதியாலும் செய்யலாம். ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி நிலையம் ஒன்றின் அருகே கிடைத்த பாக்டீரியா, பெட்டைத் தின்னும் என்று 2016இல் உலகுக்குத் தெரிந்ததே! அந்த வகை நொதிகள் இழையின் மேல்தோலை மட்டும் மெல்லக் கடிக்க உதவும்.

அப்படிப் பதப்படுத்திய மேற்பரப்பில் கைட்டோசான் பூசுகிறார்கள். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுப்பது இது. நேர்மின்னேற்றம் கொண்டது. ஒரு பக்கம் இழையைப் பிடிக்கும், மறுபக்கம் கடுக்காயின் துவர்ப்புப் பொருளைப் பிடிக்கும். கைட்டோசானுக்கே கிருமி தடுக்கும் குணமும் உண்டு. கடல் கழிவும் காட்டுக் காயும் பிளாஸ்டிக் கழிவும் ஒரே துணியில் சேரும் அதிசயம் இது!

ஐஸ்கிரீம் வாசனையால் சாயம் ஏற்றலாம், தெரியுமா?

130 டிகிரிக்கு எரிபொருள் அதிகம் செலவாகும். 100 டிகிரிக்குள் சாயம் ஏற்ற ‘கேரியர்’ என்ற துணைப்பொருள்களை முன்பு போட்டார்கள். அவை இழையை இளக்கிச் சாயத்துக்கு வழிவிடும். ஆனால் பல கேரியர்கள் நச்சு. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் அதற்கு மாற்றாக ஒன்றைக் காட்டினார்கள்: வெனிலின்! வெனிலா ஐஸ்கிரீமுக்கு வாசனை தரும் அதே பொருள். குறைந்த சூட்டில் பாலியஸ்டரை இளக்கிச் சாயம் ஏற உதவியது.

தண்ணீரே இல்லாமலும் ஏற்றலாம்! கரியமில வாயுவை 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் அது வாயுவும் அல்லாத, திரவமும் அல்லாத நிலைக்குப் போகும். அதில் சிறிய, தண்ணீர் பிடிக்காத சாய மூலக்கூறுகள் கரையும். நெதர்லாந்தின் டைகூ நிறுவனம் பாலியஸ்டருக்கு இந்த இயந்திரத்தை வணிக அளவில் செய்துகாட்டியது. வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் குறைத்தால் வாயு பிரிந்துவிடும். துணி காய்ந்தே வெளியே வரும்! லாசோனும் குர்குமினும் தண்ணீரைவிட எண்ணெய்த்தன்மையை விரும்பும் சிறிய மூலக்கூறுகள் என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

மறுசுழற்சி நூலின் லாட் மாறினால் துணியில் கோடு விழும், தெரியுமா?

புதுப் பாலியஸ்டர் எல்லா நாளும் ஒரே மாதிரி வரும். பாட்டில் நூல் அப்படி இல்லை. பாட்டில் சீக்கிரம் படிகமாகி மங்கிவிடாமல் இருக்க அதில் ஐசோப்தாலிக் அமிலம் சிறிதளவு சேர்ப்பார்கள். அது சங்கிலிகளின் ஒழுங்கைக் கலைப்பதால் சாயம் உள்ளே போகக் கொஞ்சம் கூடுதலாக வழி கிடைக்கும். மறுபடி உருக்கும்போது சங்கிலிகளின் நீளமும் மாறும். ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான நூல், சாயத்தை அதிகம் குடிக்கும், அடுத்தது குறைவாகக் குடிக்கும். இரண்டு லாட் நூலை ஒரே ரோலில் பின்னிவிட்டால் துணியில் கோடு கோடாகத் தெரியும். இலையும் மழை, மண், அறுவடைக் காலம் பொறுத்து மாறும். மாறும் நூலையும் மாறும் இலையையும் சேர்த்து ஒரே ஷேட் கொண்டுவருபவர் உண்மையிலேயே கைதேர்ந்த டையிங் மாஸ்டர்!

ஒரு கிலோ துணிக்கு எத்தனை கிலோ இலை, தெரியுமா?

கணக்குப் போடுவோம். துணி எடையில் 2 சதவீதம் சாயம் என்றால் ஒரு கிலோவுக்கு 20 கிராம் லாசோன். உலர்ந்த மருதாணி இலையில் லாசோன் சுமார் ஒரு சதவீதம். அப்படியானால் ஒரு துளியும் வீணாகாமல் எடுத்தாலே இரண்டு கிலோ உலர்ந்த இலை! செயற்கைச் சாயத்தின் சின்னப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மூட்டை. அதனால் இருக்கும் விளைச்சலையும் கழிவையும் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம். ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அழகுப் பொருளுக்குத் தேறாத தண்டும் தூசும் அந்த வயல்களில் மிஞ்சும். வெங்காய மண்டிகளில் தோல் குவியும். சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கை உரமாகும்.

மஞ்சள் சாயத்துக்கு வெயில் எதிரி, தெரியுமா?

சாம்பார் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போட்டால் கறை மறைவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குர்குமினை வெளிச்சம் உடைத்துவிடும். பாலியஸ்டருக்குள் அடைத்துவைத்தாலும் சலவையைத் தாங்கும் அளவுக்கு வெயிலைத் தாங்காது. வெளிச்சம் தாங்கும் திறனை ஒன்று முதல் எட்டு வரை மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள், மஞ்சளுக்குக் கீழ்ப்படி மதிப்பெண்தான். ஆகவே மஞ்சள் சாயத்தைத் திரைச்சீலைக்குப் போடாதீர்கள். உள்ளாடைக்கும் சாக்ஸுக்கும் படுக்கையுறையின் உள்பக்கத்துக்கும் போடுங்கள். வெயில் படாத, வியர்வை படும் இடமே அதற்கு ஏற்ற இடம்!

இயற்கைச் சாயம் தீர்க்காத பிரச்சினையும் ஒன்று உண்டு, தெரியுமா?

மருதாணி ஏற்றினாலும் பாலியஸ்டர் பாலியஸ்டர்தான். ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரில் கலக்கும். மறுசுழற்சி நூலும் உதிரும். சாயம் அதைத் தடுக்காது. கிருமி தடுக்கும் சட்டை என்பதால் துவைக்காமல் போடலாம் என்பதும் இல்லை. ஆனால் நாற்றம் குறைந்தால் துவைக்கும் தடவை குறையும், தண்ணீரும் மிச்சம், உதிரும் இழையும் குறைவு.

இவ்வளவும் தெரிந்த பிறகு கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ‘இயற்கைச் சாயம்’, ‘கிருமி தடுக்கும்’ என்று லேபிளில் பார்த்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். எந்தச் செடி, எத்தனை சலவைக்குப் பிறகு எந்தத் தர முறையில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். ஜவுளிக் கல்லூரி மாணவர்களே, வேம்பு, துளசி என்று ஊரறிந்த பெயர்களை மட்டும் பட்டியலிடாமல், நம் மண்ணின் இம்பூறலையும் நுணாவையும் மருதாணியையும் 130 டிகிரியில் ஏற்றிப் பாருங்கள். திருப்பூர், ஈரோடு, கரூர் பட்டறைக்காரர்களே, ஒரு லேப் டிப்புக்கு ஐந்து கிராம் துணியும் ஒரு பிடி இலையும் போதும். சோதித்துப் பார்க்க இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வாய்ப்பு வராது. நூலும் நம்மிடம் இருக்கிறது, இலையும் இருக்கிறது, மெஷினும் இருக்கிறது. இன்றே தொடங்குங்கள்!